ஈர மணல் எவ்வளவு நேரம் நிற்கும்

எங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளும் நான்தான். கணக்குப் பார்த்தால் ஆறாம் வகுப்பைத் தாண்டியதும் நான் ஒருத்திதான். அப்பா ஓட்டுப் போடப் போகும்போது மட்டும் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைப் பார்த்தவர். அம்மா அதையும் அவசரமாகப் பார்த்துவிட்டு மீன்கூடையோடு பஸ்ஸுக்கு ஓடியவள். அண்ணன் ஐந்தாவது வரை போனான். அதற்குப் பிறகு வாத்தியாரும் அவனும் ஒருவருக்கொருவர் விடுதலை கொடுத்துக்கொண்டார்கள். அவன் கடலுக்குப் போய்விட்டான். ஆக, வேறு யாருமே ஓடாத பந்தயத்தில் நான் முதலாவதாக வந்தேன். அதற்காகப் பெருமையைக் குறைத்துக்கொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை.

இப்போது தஞ்சாவூரில் எம்.ஈ. படிக்கிறேன். பாடம், மண். ஊரில் யாராவது விசாரித்தால் அம்மா, "சின்ன வயசுல தின்னுச்சு, இப்ப படிக்குது" என்று முடித்துவிடுவாள்.

முழுதாக நனையாத மணலுக்குள் தண்ணீர் எப்படி நடமாடுகிறது என்பது என் ஆய்வு. இதை நெல் விளையும் ஊர்க்காரர்களிடம் சொல்லிப் புரியவைப்பது சிரமம். தண்ணீர் என்றால் அவர்களுக்கு வயலில் பளபளவென்று நிற்க வேண்டும். நிற்காத தண்ணீரை அவர்கள் மதிப்பதே இல்லை. என் வகுப்பில் திருக்காட்டுப்பள்ளிக்காரன் ஒருவன் இருக்கிறான். நான் முதல் தடவை ஆய்வைப் பற்றிப் பேசி முடித்ததும் எழுந்து, "மணல்ல தண்ணி ஊத்துனா போயிரும். இதுல என்னங்க ஆராய்ச்சி?" என்றான். போகிறதுதான். ஆனால் எல்லாமும் போவதில்லை. இரண்டு மணல் துகள்களுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் மாட்டிக்கொண்டால் அது இரண்டையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும். இதை நுண்புழை அழுத்தம் என்கிறோம். அழுத்தம் என்று பெயரே தவிர, அங்கே தண்ணீர் யாரையும் அழுத்துவதில்லை, இழுக்கிறது. அதனால் கணக்கில் அதற்குக் கழித்தல் குறி போடுவோம். மணல் முழுக்கக் காய்ந்தால் இழுக்கத் தண்ணீர் இல்லை. முழுக்க நனைந்தால் தண்ணீருக்கு இழுக்கிற எண்ணமே போய்விடும். நடுவில் இருக்கும் ஈரத்தில்தான் அதன் அதிகாரம் எல்லாம்.

இந்தப் பாடம் எங்கள் வீட்டுக் கக்கூஸ் குழியில் நடந்து காட்டியது.

எங்கள் ஊர், டெல்டாவின் கறுப்புக் களிமண் அலுத்துப்போய் நின்றுவிடுகிற இடத்தில், கடலோர மணல்மேட்டில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்குக் கழிப்பறை இல்லை என்று சொல்ல முடியாது. சில வருஷம் முன்பு ஒரு திட்டத்தில் கட்டிக் கொடுத்த அறை இருந்தது. சுவர் உண்டு, தகரக் கதவு உண்டு, உள்ளே பீங்கான் உண்டு. அடியில் குழி மட்டும் இல்லை. கட்டியவர் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, மூடி, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா அதற்குள் வலைகளை அடுக்கிப் பூட்டு போட்டார். ஊரிலேயே பீங்கான் வைத்த வலைக்கிடங்கு எங்களுடையதுதான். நாங்கள் வழக்கம்போல் கருவேலங்காட்டுக்குப் போய்வந்தோம். நான் விடுதியில் சேர்ந்ததற்குக் காரணம் படிப்பு என்று கல்லூரியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உண்மையான காரணம் விடுதியின் கழிப்பறை. படிப்பு கூடவே வந்தது.

அண்ணி பிரசவத்துக்காக மன்னார்குடியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவர்களுக்கு அங்கே மீன் கடை. வீட்டில் தண்ணீர்த் தொட்டி வைத்த குளியலறை. மூன்றாம் மாதம் குழந்தையோடு திரும்புவதாகப் பேச்சு. ஐந்தாவது முடிந்தும் வரவில்லை. அண்ணியின் அம்மா, எனக்கு அத்தை முறை, அப்பாவிடமே போனில் சொல்லிவிட்டார்: "பச்ச உடம்புக்காரி. முள்ளுக்காட்டுக்கு எம்பொண்ணு ஓட மாட்டா சம்பந்தி. கக்கூஸ ஒழுங்காக் கட்டிட்டுக் கூப்புடுங்க. அதுவரைக்கும் தாயும் புள்ளையும் இங்கதான் இருப்பாங்க."

அண்ணன் தன் மகளைப் பார்த்தது அதிகமும் போன் திரையில்தான். கடலில் இருந்து வந்ததும் மீன் வாடையோடு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "அம்முக்குட்டி" என்பான். குழந்தை கொட்டாவி விடும். அவன் அதையே மறுபடி மறுபடி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவான். அவளை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அவனுக்கு அந்த நாட்களில் வேறு கவலையே கிடையாது.

தை மாதம், மழை ஓய்ந்து சில வாரம் ஆகியிருந்தது. நான் விடுமுறைக்கு வந்து இறங்கிய காலையில், அறைக்குப் பின்னால் அண்ணனின் தலை மட்டும் தரைமட்டத்தில் தெரிந்தது. சித்தப்பா மேலே நின்று கயிற்றில் மண் சட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார். அவர் அப்பாவின் தம்பி. ஒரே படகில் போகிறவர்கள்.

"வாங்க இஞ்சினியரு," என்றது தலை. "பாரு, எப்படி நிக்குதுன்னு. அல்வாவ வெட்டுன மாதிரி இருக்குல்ல?"

இருந்தது. சுவர் நான்கு பக்கமும் செங்குத்தாக, மம்பட்டி இறங்கிய தடம்கூட அழியாமல் நின்றது. நான் சுற்றும்முற்றும் உறையைத் தேடினேன்.

"உறை எங்க அண்ணே?"

உறை என்றால் சிமெண்ட் வளையம். எங்கள் பக்கத்து மணலில் கிணறோ குழியோ எதுவானாலும், வளையத்தை முதலில் தரையில் வைத்து, அதற்குள் நின்று தோண்டுவார்கள். தோண்டத் தோண்ட வளையம் தன் கனத்தில் இறங்கும். சுவர் சரிய இடமே இருக்காது.

"ரோட்டுல கெடக்கு," என்றார் சித்தப்பா. "குட்டியானைக்காரன் மணல்ல எறக்க மாட்டேன்னுட்டான். சக்கரம் பொதஞ்சா உங்கப்பனா வந்து தள்ளுவான்னு கேக்குறான்."

"அப்ப உறை வந்தப்பறம் தோண்டுறது?"

"அதுக்கு நேரம் எங்க? மத்தியானம் அத்தை வருது," என்றான் அண்ணன்.

"இன்னும் ஒண்ணுமே ஆகல. ஏன் வர்றாங்க?"

அண்ணன் மும்முரமாக மண் அள்ளினான். சித்தப்பாதான் பதில் சொன்னார். "எல்லாம் முடிஞ்சு போச்சு, டைல்ஸ் வரைக்கும் ஒட்டியாச்சுன்னு போன்ல சொல்லிப்புட்டான்."

"டைல்ஸா?"

"வாயில வந்துருச்சுடி," என்றது குழி.

நான் விளிம்பிலிருந்து தள்ளி உட்கார்ந்து, என்னால் முடிந்த அளவு பொறுமையாகச் சொன்னேன். "அண்ணே, இது ஈரத்துல நிக்குது. வெயில் ஏறுது, காத்து வேற அடிக்குது. காஞ்சா விழும். மேல வா."

"நீ படிச்சது கண்ணாடிக் குழாய்ல உள்ள மணலு. இது எங்க மணலு. பொறந்ததுலேர்ந்து இதுலதான் உருளுறோம். போ, போயி உறைக்கு வழியப் பாரு."

அவனைக் கிளப்ப வேண்டுமானால் உறை வர வேண்டும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். இரண்டு பேரும் ஒரு உறையை நிமிர்த்தி உருட்டினோம். காய்ந்த மணலில் அது கொஞ்ச தூரம் வந்து, உட்கார்ந்த எருமை மாதிரி அசைய மறுத்துவிட்டது. குட்டியானைக்காரரைப் போனில் கூப்பிட்டுத் திட்டினேன். அவர் என்னைவிட நன்றாகத் திட்டினார். ஆள் கூட்டி வருவோம் என்று வீட்டுக்குத் திரும்பினோம்.

குழியைச் சுற்றி அப்பா நடந்துகொண்டிருந்தார். இடுப்பில் குடம். அடிபம்பில் பிடித்த தண்ணீரை விளிம்பு நெடுக நிதானமாக, கோயில் குருக்கள் கணக்காக ஊற்றிக்கொண்டு வந்தார். அண்ணன் இன்னும் உள்ளே.

"அப்பா! என்ன பண்றீங்க?"

"காஞ்சா விழும்னு நீதான சொன்னியாம், சித்தப்பன் சொன்னான். அதான் ஊற விடுறேன்."

அப்பா இப்போது ஓட்டுவது பைபர் படகு. ஆனால் அவர் வளர்ந்தது மரப்படகில். மரப்படகைக் கரையில் நாள் கணக்கில் காயவிட்டால் பலகை சுருங்கிப் பொருத்து விட்டுவிடும். தண்ணீர் ஊற்றி ஊறவைத்தால் பலகை உப்பி இறுகிக்கொள்ளும். காய்ந்தது எதுவானாலும் ஊற்று என்பதுதான் எங்கள் ஆட்களின் மருத்துவம். மணலும் அதே பலகைதான் அவருக்கு. இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், என் வாழ்நாளிலேயே முதல் தடவையாக அப்பா என் பேச்சைக் கேட்டு ஒரு காரியம் செய்தது அன்றைக்குத்தான்.

"ஊத்தாதீங்க! அண்ணே, மேல வா!"

"இரு, இந்த ஒரு சட்டிய மட்டும்..."

சுவரில் ஈரக்கோடு இறங்குவதைப் பார்த்தேன். மேலிருந்து கறுப்பாக, ஒழுங்காக, அவசரமே இல்லாமல் இறங்கியது. ஆய்வுக்கூடத்தில் இந்தக் கோட்டுக்காக மணிக்கணக்கில் குழாய் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே அது எனக்கு அழகாகத் தெரியும். இங்கே அதற்குப் பின்னால், விளிம்புக்கு இணையாகத் தரையில் ஒரு மெல்லிய வெடிப்பு ஓடியது. அப்பாவின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். குடம் உருண்டது.

சுவர் சத்தமே போடவில்லை. அந்தப் பக்கம் முழுவதும் அப்படியே உட்கார்ந்து அண்ணன் மேல் சாய்ந்தது. கண் இமைத்துப் பார்த்தால் அண்ணன் இடுப்புவரை இல்லை. இடுப்புக்கு மேலே வாயைத் திறந்தபடி இருந்தான். அம்மா வைத்த சத்தத்தில் தெருவே திரண்டது.

"மூச்சு விட முடியுதா அண்ணே?"

"முடியுது. கால்தான்டி... காலு இருக்கான்னே தெரியல."

அப்பா குதிக்கப் போனார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். எதிர்ப் பக்கச் சுவர் இன்னும் நின்றுகொண்டிருந்தது; அதற்கும் அவர் ஒரு சுற்று ஊற்றியிருந்தார். சித்தப்பா அதற்குள் வலைக்கயிற்றை அண்ணனின் அக்குளில் மாட்டி, வந்தவர்களையெல்லாம் வரிசையாகப் பிடிக்க வைத்து, கரைவலை இழுக்கிற மாதிரி இழுக்க ஆரம்பித்துவிட்டார். அண்ணன் அலறினான். ஒரு விரற்கடைகூட அவன் மேலே வரவில்லை.

"விடுங்க சித்தப்பா, இடுப்பு கழண்டுடும்!"

அந்த நேரத்தில் என் தலைக்குள் பயம் பாதி, பாடம் பாதி. விழுந்த மணலில் இருந்த தண்ணீர் கீழே வடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஈரம். அந்த ஈரம் இப்போது துகள்களை இழுத்துப் பிடிக்கிறது; துகள்கள் அண்ணனைப் பிடிக்கின்றன. சுவரை நிற்க வைத்த அதே பிடிதான். அதை விடுவிக்க வழி ஒன்றுதான்.

முதலில் எதிர்ப் பக்க விளிம்பை மம்பட்டியால் வெளிப்பக்கம் இழுத்துத் தள்ளிச் சரிவாக்கச் சொன்னேன். அது முடிந்ததும், "இப்ப தண்ணி கொண்டாங்க. காலோரமா ஊத்தணும்," என்றேன்.

அப்பா என்னை ஏறிட்டுப் பார்த்தார். "இப்பதானடி ஊத்தாதன்ன?"

"அப்ப ஊத்தக் கூடாது. இப்ப ஊத்தணும்."

"இந்தப் படிப்புக்கா இத்தன வருஷம் அனுப்புனேன்?"

"அப்பா!" என்று குழியிலிருந்து அண்ணன் கத்தினான். "அவ என்ன சொல்றாளோ அதச் செய்ங்க!" இந்த வாக்கியத்தை எழுதி சட்டம் போட்டு மாட்டலாம் என்று இருக்கிறேன்.

சரிவில் பழைய படகுப் பலகை ஒன்றைப் போட்டோம். அப்பா அதில் குப்புறப் படுத்து, அண்ணனின் தொடை ஓரமாகத் தண்ணீரை விட்டார். அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் பம்பை அடித்தார்கள். நான் மேலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன்: இழுக்காதே, கடலில் நிற்கிற மாதிரி காலை முன்னும் பின்னும் ஆட்டு, மெதுவாக ஆட்டு. மணல் கஞ்சியாகக் குழைந்தது. ஒரு கால் பொளக்கென்று வந்தது. அடுத்ததற்குக் கொஞ்சம் நேரம் ஆனது. பிறகு அண்ணன் முழுசாகப் பலகைக்கு வந்து சேர்ந்தான். கைலி மட்டும் வரவில்லை. அது மணலோடு தங்கிவிட்டது.

அப்போது ரோட்டில் ஆட்டோ வந்து நின்றது.

அத்தை இறங்கினார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணி இறங்கினாள். இரண்டு பேரும் மணலில் நடந்து வந்தார்கள். வீட்டைச் சுற்றிக் கூட்டம், நடுவே பள்ளம், பள்ளத்தின் ஓரத்தில் தலைமுதல் கால்வரை மணல் பூசி, அப்பாவின் துண்டைச் சுற்றிக்கொண்டு மாப்பிள்ளை.

அத்தை எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "டைல்ஸ் எங்க மாப்ள?"

சித்தப்பா மட்டும் இருமினார்.

அண்ணி அருகில் வந்து அண்ணனின் காலைத் தொட்டுப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன்.

"நான் கக்கூஸ்தான் கேட்டேன்," என்றாள் அவனிடம். "இன்னைக்கே கேட்டேனா? இன்னைக்கே முடிஞ்சிருச்சுன்னு பொய் சொன்னது யாரு? அந்தப் பொய்ய மூடத்தான இந்தக் குழிக்குள்ள எறங்குனீங்க? எம்புள்ளைக்கு அப்பன் இல்லாமப் பண்ணப் பாத்தீங்களே."

அவன் குழந்தையைத் தொடக் கையை நீட்டினான். கை மணலாக இருந்தது. அவனே மடக்கிக்கொண்டான்.

அத்தை எங்கள் வீட்டில் காப்பிகூடக் குடிக்கவில்லை. ஆட்டோவில் ஏறும்போது அண்ணி என்னைக் கூப்பிட்டாள். "இனிமே இவரு போன் பண்ணக் கூடாது. அப்பாவும் பண்ணக் கூடாது. நீ போன் பண்ணு. நீ முடிஞ்சிருச்சுன்னு சொன்னா வர்றேன்."

என் கல்லூரி இன்னும் எனக்கு எம்.ஈ. பட்டம் கொடுக்கவில்லை. அண்ணி கொடுத்துவிட்டாள்.

மறுநாள் நான் மேற்பார்வையில் இறங்கினேன். முதல் வேலையாக அந்தக் குழியை மூடிவிட்டு அடிபம்பிலிருந்து இன்னும் தள்ளி வேறு இடம் குறித்தேன். இரண்டாவது, உறைகளைக் கொண்டுவருவது. ரோட்டிலிருந்து வீடுவரை பாதையில் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். அப்பா உடனே குடத்தைத் தூக்கினார்.

"ஊத்தக் கூடாதுப்பா. தெளிக்கணும்."

"ரெண்டும் தண்ணிதான?"

அம்மா அவர் கையிலிருந்து குடத்தை வாங்கி, வாசல் தெளிப்பதுபோல் கையால் விசிறிக்கொண்டே நடந்தாள். காற்றில் பறந்துகொண்டிருந்த மணல் அடங்கி, மிதித்தால் கெட்டியாக இருந்தது. உறைகள் உருண்டு வந்தன. அப்பாவுக்கு விளக்கம் வேண்டியிருந்தது. தலைமுடியை உதாரணம் சொன்னேன்: காய்ந்த முடி பறக்கும், தண்ணீருக்குள் முங்கினால் விரிந்து மிதக்கும், குளித்துவிட்டு எழுந்தால்தான் ஒன்றோடொன்று ஒட்டும், மணலும் அப்படித்தான். அப்பா தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, வேறு உதாரணம் இருக்கிறதா என்று கேட்டார்.

அண்ணன் இந்த முறை உறைக்குள் நின்று தோண்டினான். ஒவ்வொரு உறை இறங்கியதும் தலையைத் தூக்கி, "அடுத்தது வைக்கலாமா?" என்று என்னிடம் கேட்டான். கிண்டல் இல்லாமல் கேட்டான். எனக்கே சங்கடமாக இருந்தது. இருந்தாலும் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்றுவிட்டுத்தான் சரி என்பேன். நிலத்தடி நீர் தட்டுவதற்கு முன்பே நிறுத்தினோம். மூடி போட்டு, அறையிலிருந்து குழாயை இணைத்தோம். வலைகள் வெளியேறின. நான் கதவைச் சாத்திக்கொண்டு குடம் குடமாக ஊற்றிப் பார்த்தேன். மணல் ஒவ்வொன்றையும் ஒரே மடக்கில் குடித்தது. அதற்குப் பிறகுதான் போனை எடுத்தேன்.

"அண்ணி, முடிஞ்சுது. வாங்க."

"டைல்ஸ்?"

"இல்ல. வெறும் சிமெண்ட் தரைதான்."

"அப்ப உண்மைதான். வர்றேன்."

அத்தையும் கூடவே வந்தார். அண்ணி வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. குழந்தையை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு நேராக அந்த அறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். நாங்கள் எல்லாரும் வெளியே, பரீட்சை முடிவுக்கு நிற்பதுபோல் நின்றோம். அண்ணன் மட்டும் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. மகள் அவன் மூக்கைப் பிடித்திருந்தாள். அவன் அவளுக்கு வசதியாகக் குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தான். உள்ளே வாளி கவிழும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் திறந்தது.

"தண்ணி போகுது," என்றாள் அண்ணி.

"நீ சொன்னாப் போதுமா?" என்று அத்தை சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு உள்ளே போனார். அவர் நல்ல நேரம் எடுத்துக்கொண்டார். பம்படியில் நின்ற அப்பா, கேட்காமலேயே இன்னொரு குடத்தை நிரப்பிக் கதவோரம் வைத்துவிட்டு வந்தார். வெளியே வந்த அத்தை முகம் துடைத்தபடி யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"உள்பக்கமா ஒரு கொக்கி அடிச்சு வைங்க. சேல, துண்டு மாட்ட எடமில்ல."

"அடிச்சுக்கலாம்மா," என்றாள் அண்ணி. "நீ ஊருக்குப் போனதும் புள்ளையோட தொட்டில பஸ்ஸுல ஏத்தி அனுப்பு."